மருந்துக் கடைக்குப் போகுமுன் கூளத்தைப் பிடித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கொல்லையிலும் செம்பனைக் காட்டோரத்திலும் கோழி வளர்ப்பவர்களுக்குக் குஞ்சு வாங்கும் பணத்தைவிட மருந்துக்குப் போகும் பணம் கூடிவிட்டது, அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுத்தாலொழிய இந்தத் தொழில் தேறாது என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவர் சொன்ன நட்டம் உண்மை. கேட்ட பரிகாரம்தான் சரியில்லை. 50 முதல் 300 கோழி வரை வைத்திருக்கும் கொட்டாய்களில் மருந்து கிடைக்காமல் கோழி சாவது அபூர்வம். ஈரமான கூளம், ஒழுகும் தண்ணீர்க் குழாய், போடவேண்டிய நாளில் போடாத தடுப்புச் சொட்டு மருந்து, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் கொல்கிறது. முதல் இரண்டையும் சரிசெய்ய ஒரு முள்வாரியும் ஒரு சுருள் வெள்ளை டேப்பும் போதும். மூன்றாவதற்கு அக்கம்பக்கத்தில் ஐந்தாறு பேர் கூடவேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் மழை. மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை கொட்டும். தீபாவளிச் சந்தையைக் குறிவைத்து ஜூன், ஜூலையில் குஞ்சு இறக்குகிறவர்களே இங்கே அதிகம். கம்பத்துக் கோழி (கிராமத்து நாட்டுக் கோழி) ஒன்றரைக் கிலோவை எட்ட மூன்றரை, நான்கு மாதம் ஆகும். ஆக, கோழி விலைபோகும் எடைக்கு வருவதும் கொட்டாய் நனைவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தீனிக்கான செலவு முழுவதும் உள்ளே போன பிறகு சாகிற கோழி அது.

முதலில் கூளம். தரையில் பரப்பும் மர இழைப்புச் சுருளையும் உமியையும்தான் சொல்கிறோம். தண்ணீர்க் கலத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். கொழுக்கட்டை மாதிரி உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. பிடித்த வடிவம் சற்று நின்று பொலபொலவென்று உதிர்ந்தால் சரியான பதம். பிடிக்கவே வராமல் தூசியாகப் பறந்தால் காய்ந்தது அதிகம். அதற்குக் கோழி தும்மும், நமக்கும் தொண்டை கரகரக்கும். அடுத்து, கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மோந்து பாருங்கள். நின்றபடி மோந்தால் ஒன்றும் தெரியாது. கோழி இரவும் பகலும் மூச்சு விடுவது தரையிலிருந்து ஓரடி உயரத்தில்தான். அங்கே கண் எரிந்தால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பிவிட்டது என்று பொருள். அது மூச்சுக்குழாயின் உள்தோலை அரிக்கும். அதன்பின் சளி பிடிப்பதற்குத் தனியாக ஒரு கிருமி ஊரிலிருந்து வரவேண்டியதில்லை, கொட்டாயில் ஏற்கெனவே இருப்பதே போதும்.

ஈரம் கண்டதும் பலரும் செய்வது சுண்ணாம்புத் தூளை அள்ளித் தூவுவது. கோழி உள்ளே இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்பு கூளத்தின் காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடினால் எச்சத்தில் அடங்கிக்கிடந்த அம்மோனியா இன்னும் வேகமாகக் காற்றில் ஏறும். ஈரத்தோடு சேர்ந்த சுண்ணாம்பு பாதத்தையும் சுடும். அதற்குரிய காலம், ஒரு கூட்டத்தை விற்று முடித்துக் கொட்டாயைக் கழுவிக் காயவைத்த பிறகு, வெறும் தரையில். கோழி இருக்கும்போது செய்யவேண்டியது வேறு. கட்டிபட்ட இடத்தை அன்றைக்கே வெட்டி வெளியே எடுத்து, அதே அளவு புதுக் கூளம் போட்டு, மீதியை வாரத்துக்கு இரண்டு முறை முள்வாரியால் அடிவரை கிளறுங்கள். காலையில் கிளறினால் பகல் காற்றில் உலரும். மாலையில் கிளறினால் கிளம்பும் நெடியைக் கோழி இரவு முழுவதும் மூக்கில் வாங்கும்.

தொடக்கத்தில் 2 முதல் 3 அங்குல உயரத்துக்குக் கூளம் வேண்டும். மர ஆலையில் கிடைக்கும் பொடித் தூளைவிட இழைப்புச் சுருள் நல்லது. பொடித் தூளைக் குஞ்சு தீனி என்று கொத்தி விழுங்கி இரைப்பையை அடைத்துக்கொள்ளும். பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பலகையின் தூளைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆலையில் கேட்டுத்தான் வாங்கவேண்டும். கிரியான் பக்க நெல் ஆலை உமி அவ்வளவாகத் தண்ணீர் உறிஞ்சாது, ஆனால் சீக்கிரம் காயும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பது எங்கள் கருத்தில் சரியான கணக்கு. கொட்டாய்த் தரை வெளி மண்ணைவிட ஓரடியாவது உயர்ந்திருக்கவேண்டும், தகரக் கூரை பக்கச் சுவரைத் தாண்டி மூன்றடி இறங்கவேண்டும். சாரல் அடிக்கும் பக்கத்தில் தார்ப்பாயை மேலிருந்து கீழாகத் தொங்கவிடாமல், கீழிருந்து மேலே இழுத்துக் கட்டும்படி அமையுங்கள். கூரைக்கடியில் ஓரடி இடைவெளி எப்போதும் திறந்திருந்தால் சூடும் நெடியும் அந்த வழியாக வெளியேறும். மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் மூடிய கொட்டாயில் கூளம் நனைவது மழையால் அல்ல, கோழியின் மூச்சாலும் எச்சத்தாலும்தான்.

கூளத்தை நனைப்பதில் மழையைவிடப் பெரிய குற்றவாளி உள்ளேயே இருக்கிறது. நிப்பிள் (கோழி கொத்தினால் தண்ணீர் விடும் குழாய் முனை) ஒன்று நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 4 லிட்டர் கூளத்தில் இறங்கும். சொட்டு சின்னதாக இருப்பதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சோதிப்பது சுலபம். கோழியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு நிப்பிளுக்கடியிலும் காய்ந்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அட்டை நனைந்திருந்தால் அந்த நிப்பிளில் கோளாறு. பெரும்பாலும் ஊசிக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டியிருக்கும். கனமழைக்குப் பிறகு கலங்கல் தண்ணீர் வரும் ஊர்களில் இது வாடிக்கை. கழற்றிக் கழுவி, மரைக்கு வெள்ளை டேப் சுற்றி மாட்டவேண்டும், தொட்டிக்கு முன்னால் ஒரு சல்லடை வடிகட்டியும் வைக்கவேண்டும். நிப்பிள் சாய்ந்து நின்றாலும் ஒழுகும், செங்குத்தாகத் தொங்கவேண்டும். அரசாங்கத் தண்ணீர்க் குழாயை நேரடியாக நிப்பிள் வரிசையோடு இணைத்தால் அழுத்தம் தாங்காமல் எல்லாமே ஒழுகும். மிதவை வால்வு வைத்த சிறிய தொட்டியை நிப்பிள் வரிசைக்கு ஒன்று, இரண்டு அடி உயரத்தில் வையுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

உயரமும் முக்கியம். கோழி கழுத்தை நிமிர்த்தி, கால் தரையில் பதிந்தபடி எட்டிக் கொத்தும் உயரத்தில் நிப்பிள் இருக்கவேண்டும். தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் கொத்தினால் பாதித் தண்ணீர் கீழேதான் போகும். தட்டுக் கலமானால் அதன் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கவேண்டும். குஞ்சு வளர வளர வாரம் ஒருமுறை கயிற்றை ஏற்றவேண்டும். இந்தக் கயிற்றை ஏற்றாமல் விடுகிறவர்கள்தான் ஐந்தாவது வாரத்தில் இரத்தக் கழிச்சல் என்று மருந்துக் கடையில் நிற்கிறார்கள்.

வளர்ந்த கோழி 100 இருந்தால் நாளொன்றுக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயில் நாளில் அதற்கும் மேல். கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிற்பகல் 2 மணிக்குக் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். கோழி அதைக் குடிக்காது, குடிக்காத கோழி தீனியும் எடுக்காது. குழாய்க்கு நிழல் கொடுங்கள், தொட்டிக்கு வெள்ளைச் சாயம் அடியுங்கள். கடும் வெயிலில் தொட்டியில் ஒரு ஐஸ் கட்டியைப் போடுவது எந்தச் சத்து டானிக்கையும்விடப் பலன் தரும். தீனியைக் காலை 7 மணிக்குள்ளும் மாலை 5 மணிக்குப் பிறகும் போடுங்கள். தின்ற தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு ஏறும், அந்தச் சூடும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேரும்போதுதான் கொழுத்த கோழி நின்ற இடத்தில் சாயும்.

குஞ்சுப் பருவத்தில் நடக்கும் தவறு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். முன்பு குண்டு பல்பு போட்டோம், அது வெளிச்சத்தோடு சூடும் கொடுத்தது. இப்போது கடையில் கிடைப்பது எல்இடி. வெளிச்சம் அதே அளவு, சூடு ஒன்றுமில்லை. பல்பு எரிகிறதே என்று படுக்கப் போய், விடிந்து பார்த்தால் குஞ்சுகள் மூலையில் குவியலாக நசுங்கிக் கிடக்கும். கேட்டு வாங்கவேண்டியது 100 அல்லது 150 வாட் அகச்சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் வெளிச்சமே தராத பீங்கான் சூட்டு விளக்கு. முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 32 முதல் 34 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். நம் ஊரில் பகலில் இது தானாகவே கிடைத்துவிடும். மலையடிவாரத் தோட்டங்களில் மழை பெய்த இரவின் விடியற்காலைதான் ஆபத்து. வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். வாயைத் திறந்தபடி ஓரத்துக்கு ஓடினால் சூடு. எல்லாமே ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்துக் கீச்சுக் குரல் அடங்கியிருந்தால் நீங்கள் தூங்கப் போகலாம். தடுப்பை ஒன்றரை அடி உயர அட்டையால் வட்டமாக வளையுங்கள். மூலை இல்லாத இடத்தில் குவியவும் முடியாது.

முதல் மூன்று நாள் கூளத்தின்மேல் பழைய நாளிதழை விரிப்பது வழக்கம் (இந்த நாளிதழுக்கும் அந்தப் பாக்கியம் உண்டு, ஆசிரியர் மன்னிக்கவும்). மழமழப்பான தாளில் குஞ்சின் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்து முடமாகிவிடும். கசக்கிவிட்டு விரியுங்கள், அல்லது சாக்கை விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். பெட்டியிலிருந்து இறக்கியதும் முதலில் தண்ணீர். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தீனி போடவேண்டும்.

இரத்தக் கழிச்சல் மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும். எச்சத்தோடு வெளியேறும் அதன் ஒட்டுண்ணி முட்டைக்கு ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். காய்ந்த கூளத்தில் அது பக்குவப்படாது. சாதாரணக் கிருமிநாசினி எதற்கும் அது மசியாது. அதனால்தான் தரையைக் குளோராக்ஸ் (வெளுப்பு நீர்) விட்டுக் கழுவியும் அடுத்த கூட்டத்துக்கும் வந்துவிட்டது என்கிறார்கள். கொதிநீரும் வெயிலில் முழுதாகக் காயவிடுவதும்தான் வழி. வந்துவிட்டால் அம்ப்ரோலியம் அல்லது டோல்ட்ராசூரில் கொடுப்பார்கள். இதில் இரண்டு சங்கதி. அம்ப்ரோலியம் வேலை செய்வதே பி1 வைட்டமினைப் போல வேடமிட்டு அந்த ஒட்டுண்ணியை ஏமாற்றித்தான். கோழி வாடியிருக்கிறதே என்று அதே தண்ணீரில் வைட்டமின் பொடியையும் கலந்தால் மருந்தின் வேலையை நாமே கெடுத்துவிடுகிறோம். வைட்டமினை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். டோல்ட்ராசூரில் 2.5 விழுக்காட்டுக் கரைசல் என்றால் ஒரு லிட்டருக்கு 1 மி.லி., தொடர்ந்து இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் வேறு தண்ணீர் வைக்கக்கூடாது. முட்டையிடும் கோழிக்கு அது ஆகாது. வெட்டுவதற்கு முன் புட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்கு கழியவேண்டும்.

இனி வெள்ளைக் கழிச்சல். மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள், மருத்துவர்கள் நியூகாசல் என்பார்கள். பெயர் இங்கிலாந்து ஊருடையது என்றாலும், அங்கே கண்டறியப்பட்ட அதே 1926ஆம் ஆண்டு ஜாவாவிலும் பதிவான நோய் அது. நம் வட்டாரத்துக்குப் பழைய விருந்தாளி. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தப்பிப் பிழைத்தது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். தடுப்பு போடாத கூட்டத்தில் முழுவதும் போய்விடுவதுண்டு. வந்த பிறகு மருந்தில்லை. நச்சுயிரிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. வேறு நோய்க்கு வாங்கி மீந்த பொடியைக் கரைத்து ஊற்றுவது பணத்தைக் கூளத்தில் கொட்டுவதற்குச் சமம். இன்னொன்றும் உண்டு. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவது இந்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பழைய பொட்டலம் வீட்டில் கிடந்தால் எடுக்காதீர்கள்.

தடுப்பு மருந்தோ விலை குறைவு. பிறகு ஏன் போடுவதில்லை? குப்பியின் அளவுதான் காரணம். 100, 200 கோழிக்கான குப்பி எல்லாக் கடையிலும் இருக்காது, 1,000 கோழிக்கானது இருக்கும். 60 கோழி வைத்திருப்பவர் தயங்குவார். வாங்கினாலும் மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த மாதம் போடுவார். இது வீண். கரைத்த மருந்தின் ஆயுள் ஐஸில் வைத்தாலும் இரண்டு மணி நேரம்தான், உள்ளே இருப்பது உயிருள்ள நச்சுயிரி. மறுநாள் போடுவது வெறும் தண்ணீர். அப்படிப் போட்டுவிட்டுத்தான் தடுப்பு போட்டும் செத்தது என்று மருந்தின்மேல் பழி வருகிறது.

இதற்கு வழி, ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) அல்லது ஒரு தோட்டக் குடியிருப்பில் கோழி வைத்திருப்பவர்கள் ஆறேழு பேர் சேர்ந்து ஒரே காலையில் போடுவது. 1,000 கோழிக்கான குப்பியில் 450 கோழிக்குப் போட்டுவிட்டு மீதியைக் கொதிக்கவைத்துக் கொட்டினாலும் ஆளுக்கு விழும் செலவு ஒரு கோழியின் விலைகூட ஆகாது. ஆனால் ஒருவர் வீடு வீடாகப் போய்ப் போடுவது நோயையும் வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும். செருப்பும் கூடையும் ஊர் சுற்றக்கூடாது. ஒரு பொது இடத்தில் மருந்தைக் கரைத்து, சிறு குப்பிகளாகப் பிரித்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் ஆளுக்கொன்றாக எடுத்துப் போய், அவரவர் கோழிக்கு அவரவர் போடவேண்டும். அன்றைக்குக் கொட்டாயில் சீக்குக் கோழி இருப்பவர் சேரவேண்டாம். சீக்குக் கோழிக்குத் தடுப்பு பிடிக்காது.

கரைக்கும் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். கண்ணில் விடும் ஒரு சொட்டில் ஒரு கோழிக்கான மருந்து இருக்கவேண்டும். சொட்டின் பருமன் குப்பிக்குக் குப்பி மாறும். வெறும் தண்ணீரை 1 மி.லி. ஊசிக்குழாயால் அளந்து சொட்டுக் குப்பியில் விட்டு எத்தனை சொட்டு விழுகிறது என்று முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். 30 சொட்டு விழுந்தால் 1,000 கோழிக்கு 33 மி.லி. கரைசல். 20 சொட்டுதான் விழுகிறது என்றால் 50 மி.லி. வேண்டும். எண்ணாமல் கரைத்தால் பாதிக் கோழியிலேயே மருந்து தீர்ந்துவிடும், அல்லது நீர்த்துப்போய் யாருக்கும் பிடிக்காது. கூடவே வரும் கரைநீரையே பயன்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர், குழாய்த் தண்ணீர் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நம் குடலுக்கு நல்லது, இந்த மருந்துக்கு எமன். கோழியை இடுக்கிப் பிடித்து ஒரு கண்ணை வானம் பார்க்கத் திருப்பி, குப்பி முனை கண்ணில் படாமல் ஒரு சொட்டு விடுங்கள். உடனே விட்டுவிடாதீர்கள். சொட்டு கண்ணில் பரவி, கோழி ஒருமுறை இமைத்த பிறகு விடவேண்டும். தலையை உதறிச் சிந்தினால் மறுபடி ஒரு சொட்டு. முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் நமக்கும் கண் சிவந்து நீர் வடியும்.

குஞ்சுக்கு ஏழாம் நாள் ஒன்று, மூன்றாவது நான்காவது வாரத்துக்குள் ஒன்று, எட்டு முதல் பத்து வாரத்தில் ஒன்று. முட்டைக்கும் இனத்துக்கும் வைத்திருக்கும் கோழிக்கு அதன்பின் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை. கோழியைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கூட்டம் பெரிதென்றால் தண்ணீரில் கொடுக்கலாம். விடியற்காலை ஒரு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட்டு, லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பெடுத்த பால்மாவைக் கரைத்து, 20 நிமிடம் கழித்து மருந்தைக் கலந்து வைக்கவேண்டும். பால்மா மிச்சமிருக்கும் குளோரினைக் கட்டிப்போடும். தகரப் பாத்திரம் வேண்டாம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவுதான் வைக்கவேண்டும். இதில் வலுத்த கோழி நிறையக் குடிக்கும், ஒதுங்கி நிற்பதற்குக் கிடைக்காது. அதனால் எங்கள் வாக்கு கண் சொட்டுக்குத்தான்.

இந்த இடத்தில் கால்நடைத் துறைக்கும் ஒரு வார்த்தை. வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைக் கம்பத்துக் கோழிக்காகவே தீனியில் கலந்து கொடுக்கும்படி 1980களில் ஆஸ்திரேலிய ஒத்துழைப்போடு ஆராய்ந்து உருவாக்கியது செர்டாங் வேளாண் பல்கலைக்கழகம், அதாவது இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். ஐஸ் பெட்டி இல்லாத கிராமத்துக்கு என்றே இந்த மண்ணில் பிறந்த மருந்து அது. 50 கோழிக்கான சிறு குப்பியாக அப்படிப்பட்ட மருந்தைத் தோட்டப்புறத் தீனிக் கடை வரை கொண்டுவருவதைத்தான் கேட்கவேண்டும். இலவச ஆன்டிபயாட்டிக்கை அல்ல.

அம்மைக்கு இறக்கைத் தோலில் குத்தும் தடுப்பு உண்டு. இரட்டை ஊசியை மருந்தில் தோய்த்து இரத்தக் குழாயைத் தவிர்த்துக் குத்தவேண்டும். 7 முதல் 10 நாளில் குத்திய இடம் தடித்துப் பொருக்கு கட்டியிருந்தால்தான் பிடித்தது. ஒன்றுமே இல்லையென்றால் மறுபடி போடுங்கள். பரப்புவது பெரும்பாலும் கொசு. கொட்டாயைச் சுற்றிக் கிடக்கும் பழைய ரப்பர்ப் பால் கோப்பை, தேங்காய்ச் சிரட்டை, டயர் இவற்றைக் கவிழ்த்தாலே பாதி வேலை முடிந்தது. டிங்கிக் காய்ச்சலுக்கும் சேர்த்துத்தான்.

தீனிச் செலவைக் குறைக்க நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. மாட்டுக்கு அது நல்ல தீனி. கோழிக்கு நார் அதிகம், ஓட்டுத் துணுக்கும் கலந்திருக்கும். குஞ்சுக்கு வேண்டாம், வளர்ந்த கோழிக்குத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போட்டால் எச்சம் பெருத்துக் கூளம் நனையும், மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். முட்டைக் கோழித் தீனியை வளரும் கோழிக்குப் போடுவதும் தவறு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் நேரடியாக வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒரு மாதத்துக்குமேல் இருப்பு வேண்டாம். பூஞ்சை பிடித்துக் கட்டிபட்ட தீனியை வெயிலில் காயவைத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. வெயிலில் பூஞ்சை காயும், அது கக்கிய நஞ்சு அப்படியே இருக்கும். அதைத் தின்ற கோழிக்குக் கல்லீரல் கெட்டு, போட்ட தடுப்பும் சரியாகப் பிடிக்காது. அந்த மூட்டையைத் தூக்கி எறிவதே மலிவு.

மூசாங் (மரநாய்), மலைப்பாம்பு, எலி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் பட்டறிவு உண்டு. அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர மூசாங்கை வெளியே வைக்காது. கீழ் மூன்றடிக்கு அரை அங்குலச் சதுரக் கம்பிவலை அடித்து, அடியில் ஓரடி வெளிப்புறமாக மடக்கி மண்ணில் புதையுங்கள். மலைப்பாம்பும் மூசாங்கும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அடித்துக் கொன்றுவிட்டுப் படம் போடாமல் பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

அக்கம்பக்கத்தார் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதுவது பெரும்பாலும் ஈயால். ஈ முட்டையிலிருந்து ஈயாவதற்கு நம் வெயிலில் 7 முதல் 10 நாள் போதும், ஈர எச்சம் இருந்தால். காய்ந்த எச்சத்தில் புழு பிழைக்காது. ஆகவே ஈ மருந்துக்கும் முன்னால் அதே அட்டைத் துண்டு, அதே முள்வாரி. வெளியே எடுத்த ஈரக் கூளத்தைக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே சூடேறிப் புழுவும் கிருமியும் சாகும். ஆறேழு வாரத்தில் காய்கறிப் பாத்திக்கு எருவாகும்.

செத்த கோழியை ஆற்றிலோ செம்பனை வாய்க்காலிலோ வீசாதீர்கள். கிணற்றுக்குத் தொலைவில் மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். சுண்ணாம்புக்குரிய இடங்களில் இதுவும் ஒன்று. வாடுகிற கோழியை அவசரமாக அறுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதும், முனீஸ்வரர் படையலுக்கு விற்றுத் தள்ளுவதும் வேண்டாம். இரண்டு நாளில் பத்துக்கு ஒன்று செத்தால் கணிப்பு வேலையை விட்டுவிட்டு மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2004இல் கிளந்தானில் வந்த பறவைக் காய்ச்சலும் கம்பத்துக் கோழிகளில்தான் வெளிப்பட்டது, வெறும் கண்ணுக்கு அதற்கும் வெள்ளைக் கழிச்சலுக்கும் வேறுபாடு தெரியாது. ஈப்போவில் 1948 முதல் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். எப்படிக் கொண்டுவரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, செத்துச் சில மணி நேரமே ஆன கோழியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகவேண்டும். உறையவைத்தால் திசு சிதைந்து சோதனைக்கு உதவாது. சாகக் கிடக்கும் கோழி ஒன்றும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

மழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு காலை 7 மணிக்குச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கூட்டாகச் சொட்டு மருந்து போட எண்ணியிருக்கிறோம். நாள் முடிவானதும் இப்பகுதியில் இரண்டு வரி இடம் கொடுத்தால் உதவியாக இருக்கும். மருந்தும் ஐஸ் பெட்டியும் ஊசிக்குழாயும் எங்கள் பொறுப்பு. வருபவர்கள் முதல்நாள் இரவே கோழியைப் பிடித்து வீட்டிலேயே கூடையில் அடைத்துவிட்டு, ஒரு சின்ன பிளாஸ்க்கோடு வாருங்கள். பகலில் துரத்திப் பிடிப்பதற்குள் மருந்தின் இரண்டு மணி நேரம் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
சிறு கோழி வளர்ப்பாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.